ஆறு வரையாத துணி

டோல்கேட் பக்கத்துத் துணிக்கடைக்கு நேற்று காடாத் துணி வாங்கப் போயிருந்தேன். பள்ளி ஆய்வகத்தில் மேசை துடைக்க வருஷத்துக்கு ஒரு முறை துணி வாங்கி வைப்பது என் வேலை. கடைக்காரர் உருளையை வீசிப் பிரித்து, ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டி, இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று கிழித்தார். புதுக் காடாவின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது. மூன்று வருஷமாக இந்த வாசனை வந்தால் கடையை விட்டு வெளியே போய் நின்றுகொள்வேன். துணியை மடித்துப் பையில் போட்ட பிறகுதான் உள்ளே வருவேன். நேற்று நகரவில்லை. கையில் வாங்கி முகர்ந்தே பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இன்னா சார், துணியில எதுனா நாத்தம் வருதா?"

"இல்லண்ணே, நல்லாத்தான் கீது."

நல்லாத்தான் இருக்கிறது மாமு. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய் மூன்று வருஷம் ஆன பிறகு உனக்கு மடல் எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நீ உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டவன் நான். அன்று முதல் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் போன ஞாயிற்றுக்கிழமைதான் இறங்கியது. இறக்கி வைத்தது உன் மனைவி தேவகி. முதலிலிருந்து முறையாகச் சொல்கிறேன். குறுக்கே பேசுவது உன் வழக்கம், இந்த ஒரு தடவை சும்மா கேள்.

நாம் பழகியது ராயபுரத்துப் பள்ளிக்கூடத்தில், பதினோராம் வகுப்பில். நீ வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து வருவாய், நான் எண்ணூர்க் குப்பத்திலிருந்து வருவேன். உன் தெருவில் பந்து உதைக்காதவன் குத்துச்சண்டை போடுவான். நீ இரண்டும் செய்யாமல், செய்கிறவர்களை உட்கார வைத்துப் படம் போட்டுக்கொண்டிருந்தாய். பிறகு நீ ஓவியம் படிக்கப் போனாய், நான் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பலகையும் பெயிண்ட் பெட்டியுமாக எங்கள் ஆற்றங்கரையில் வந்து இறங்கிவிடுவாய். பஸ்ஸில் அந்தப் பலகை யார் முதுகிலாவது இடித்து, அவர்கள் திட்டிய திட்டை எல்லாம் எனக்கு ஒப்பிப்பாய். திட்டுவதில் எத்தனை வகை உண்டு என்பதை உன்னிடம்தான் தெரிந்துகொண்டேன்.

ஆரம்பத்தில் நீ வரைந்தவை பெரிய பெரிய படங்கள். புகைபோக்கிகள், அவற்றுக்கு மேலே செக்கச் சிவந்த வானம், கீழே கறுப்பாக ஒற்றைப் படகு. எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நாள் என் அம்மா மீன் ஆய்ந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது எந்த ஊரு நைனா?"

"நம்ம ஊருதான்மா. அதோ, உங்க ஆறு."

"எங்க ஆறு எங்க இப்டி கீது? ரொம்ப அயகா போட்டுக்கிற. கல்யாணப் பொண்ணுக்குப் பவுடர் அப்புன மாரி கீது."

நீ சிரித்தாய். ஆனால் அந்தப் படத்தை முடிக்கவே இல்லை. அடுத்த இரண்டு மாதம் வெறுங்கையோடு வந்து கரையில் குந்தியிருந்துவிட்டு, எங்கள் வீட்டில் சோறு தின்றுவிட்டுப் போனாய். 'ஆத்தப் பாக்கிற எடத்துல நின்னா அயகாத்தான் தெரியும் மாமு, அதான் பேஜாரு' என்று ஒரு நாள் சொன்னாய். உனக்கு வேலை ஓடவில்லை என்றால் இப்படி ஏதாவது சொல்வாய் என்று நான் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம்தான் அது நடந்தது. என் சித்தப்பா மகன் சேகர் ஆற்றிலிருந்து வலையை இழுத்துக் கரையில் போட்டான். வலையில் மீனைவிட அனல்மின் நிலையத்துச் சாம்பல் அதிகம். கண்ணுக்குக் கண் சாம்பல் அடைத்து, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடியது என்பது வரைக்கும் கோடு கோடாகத் தெரிந்தது. சேகர் ஆற்றை விட்டுவிட்டு ஊரில் உள்ள எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தான். நீ வலைக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"மாமு, நான் எதுக்கு வரையணும்? உங்க ஆறே வரைஞ்சிக்கினு கீது. அதுக்கு ஒரு துணி குடுத்தா போதும்."

மாதத்துக்கு ஒரு நாள், வலைக்குப் பதிலாக இரண்டு கழிகளுக்கு நடுவே வெள்ளைக் காடாத் துணி. கடல் தண்ணீர் ஏறும் ஒரு ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றம் வரை ஆற்றில் நிற்கும். ஆறு அதில் எதை விட்டுவிட்டுப் போகிறதோ அதுதான் படம். நீ ஒரு புள்ளிகூட வைக்கமாட்டாய். தை தொடங்கி மார்கழி வரை பன்னிரண்டு துணி. இதுதான் உன் யோசனை.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஆற்றில் யார் வேண்டுமானாலும் எதையாவது கட்டிவிட முடியாது என்பது உனக்குத் தெரியாது. பாடு என்று ஒன்று இருக்கிறது. வலை கட்டும் இடங்கள் இன்னின்னவை, எந்த நாளில் எந்த வீடு அங்கே கட்டலாம் என்று ஊரில் சீட்டுக் குலுக்கிப் போட்டு எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு மாதத்தில் இரண்டு நாள். நம் பாடு நாளில் நாம் கட்டாவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் கட்டிக்கொள்ளலாம். ஊரைச் சேராதவன் கட்டவே கூடாது.

ஆகவே விஷயம் ஊர்க் கூட்டத்துக்குப் போனது. இரண்டில் ஒரு நாளை உனக்கு விடுகிறேன் என்று நான் சொன்னதும் சேகர் குதித்தான். துணி கட்டினால் அது வலை கட்டிய கணக்கா, கட்டாத கணக்கா என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்குப் பேசினார்கள். ஊர் நிர்வாகி தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"வலைன்னா இன்னா? தண்ணில கட்றது. இவனும் தண்ணில தான் கட்றான். வுடுங்க. ஆனா ஒண்ணு. கயி நட்றது, கட்றது, அவுக்கிறது எல்லாம் கஜா கைதான். அந்தத் தம்பி கரையில குந்திக்கினு வேடிக்க பாக்கட்டும்."

கஜா என்றால் நான். நீயோ உன் படத்தைத் தொடமுடியாத ஓவியனாகக் கரையில் உட்கார்ந்தாய். 'இன்னும் கொஞ்சம் எறக்கிக் கட்டு மாமு, லெப்ட்டு, லெப்ட்டு' என்று நீ கத்துவாய். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவனுக்கு எது லெப்ட்டு என்று உனக்கு ஒரு நாளும் விளங்கியதில்லை. சேகர் என் காதில் விழும்படி, "ஊர்ல எல்லாம் துணி தோய்ச்சி வெள்ளையாக்குவான், இவுங்க அயுக்காக்க ஒரு நாளு பாடு குடுத்துக்கீறாங்க" என்பான்.

தைத் துணியில் கீழே சாம்பல், மேலே வெளிறிய ஒரு நீர்க்கோடு, அவ்வளவுதான். மாசியில் ஒன்றுமே விழவில்லை. நீ முகம் தொங்கிப் போய் உட்கார்ந்திருந்தாய். மாசித் துணி இன்றைக்கும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. சித்திரையில் உப்புப் பூத்துத் துணி அட்டை மாதிரி விறைத்து நின்றது. வைகாசியில் எங்கிருந்தோ வந்த எண்ணெய் குறுக்கே ஒரு பட்டை இழுத்துவிட்டுப் போனது. துணியை அவிழ்த்த என் கை இரண்டு நாள் எரிந்தது, நீ எதற்கோ பழி ஏற்றுக்கொண்டவன் போல என் கையைப் பிடித்துக்கொண்டு மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாய். ஆடியில் ஒரு நண்டு துணியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கடித்து ஓட்டை போட்டிருந்தது. வீணாய்ப் போயிற்று என்று நான் வருத்தப்பட்டேன். நீ அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே, "கையெயுத்து போட்டுக்கிறார்யா, பெரிய ஆளு" என்றாய். அன்று பூராவும் உன்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

எனக்கும் அப்போதுதான் ஆறு கொஞ்சம் வேறுவிதமாகத் தெரிய ஆரம்பித்தது. பிறந்ததிலிருந்து அதில் காலை வைத்திருக்கிறேன். மீன் இருக்கிறதா, இல்லையா என்று மட்டுமே அதை நான் கேட்டிருந்தேன். உனக்கு என்ன ஆகிறது என்று கேட்டதில்லை. துணியை அவிழ்த்து வரும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கேள்வியைக் கேட்டதுபோல இருந்தது. இதை உன்னிடம் சொன்னால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாய் என்று சொல்லவில்லை.

கார்த்திகையில் உனக்குச் சிறுநீரகம் சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். பதினோராவது துணியை நான் தனியாகக் கட்டி அவிழ்த்து, காய வைத்துக் கொண்டுவந்து காட்டினேன். 'இன்னும் ஒண்ணுதான் மாமு' என்றாய். மார்கழியில் எங்கள் முதல் பாடு நாளில் புயல் எச்சரிக்கை, ஒருவரும் ஆற்றில் இறங்கவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாள்.

அன்று விடியற்காலை துணியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் போனேன் மாமு. அதை நீ நம்ப வேண்டும். கார்த்திகை மழை ஆற்றைக் கழுவிவிட்டிருந்தது. முகத்துவாரம் அகலமாகத் திறந்து, கடல் தண்ணீர் உள்ளே ஏறி, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அடியில் மணல் தெரிந்தது. கழிகளுக்குப் பக்கத்தில் கால் வைத்ததும் காலைச் சுற்றி இறால் துள்ளியது. முழங்காலில் வந்து முட்டியது. சேகர் படகிலிருந்து பார்த்துவிட்டான். சத்தம் போட்டால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று கிசுகிசுத்தான்.

"டேய் கஜா, வலையக் கட்டு. துணியக் கட்டுன, நான் உன்னியே கட்டிப் போட்ருவேன்."

துணியைப் படகில் வீசிவிட்டு வலையைக் கட்டினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அப்படி ஒரு எறாவை நான் சின்ன வயதில் பார்த்தது. அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் எறா மணம். நானும் சேகரும் பைத்தியக்காரர்கள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தோம்.

சாப்பிட்டு முடித்துப் படுத்தபோதுதான் படகில் கிடந்த துணி ஞாபகம் வந்தது. அடுத்த பாடு தையில். உன் வருஷம் அதோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் ஊசி குத்தின கையோடு படுத்திருக்கிறவனிடம் போய் என்ன சொல்வது? எறாவைப் பார்த்ததும் உன்னை மறந்துவிட்டேன் என்றா?

மறுநாள் மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். துணியை நனைத்து, கரையிலிருந்து சாம்பல் சேறு அள்ளி வந்து உள்ளங்கையால் அப்பினேன். படகு என்ஜினிலிருந்து எடுத்த பழைய ஆயிலை மேலே தேய்த்தேன். பத்தாது என்று தோன்ற இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். சேகர் அந்த வழியாக வந்து நின்றான்.

"இன்னா பண்ணிக்கினு கீற?"

"துணி தோய்க்கிறேன்."

"தோய்ச்சா வெள்ளையாவணும். உன்துல கறுப்பாவுது."

இரண்டு நாள் கழித்து அதை உன் கட்டிலில் விரித்தேன். நீ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்தாய். தண்ணி எப்படி இருந்தது என்று கேட்டாய். கலீஜா இருந்துச்சு மாமு, கால வைக்க முடியல என்றேன். எந்தப் பக்கம் ஓட்டம், எத்தனை நேரம் நின்றது என்று கேட்டாய். அதற்கும் சொன்னேன். பாதியில் எனக்கே நான் சொல்வது நிஜம் போலத் தோன்றியது. நீ தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, துணியை மெதுவாக மடித்து வைத்துக்கொண்டாய்.

பொங்கல் கழிந்து, ஊருக்குத் தெற்கே ஒரு கூடத்தில் பன்னிரண்டையும் தொங்கவிட்டாய். நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய், பாதி ஆளாகியிருந்தாய். வந்தவர்கள் பதினொன்றையும் நடந்துகொண்டே பார்த்தார்கள், பன்னிரண்டாவதற்கு முன்னால் நின்றார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேப்பரில் அந்த ஒரு துணியைத்தான் படம் பிடித்துப் போட்டார்கள், கீழே 'செத்துப்போன ஆறு' என்று எழுதி. நான் அந்தச் சுவரின் பக்கமே போகவில்லை. தண்ணீர் குடிக்கிறேன், வண்டியைப் பார்க்கிறேன் என்று வாசலிலேயே நின்றேன். நீ இரண்டு தடவை கூப்பிட்டு, "மாமு, வந்து ஒரு தபா கிட்ட நின்னு பாரு" என்றாய். அப்புறம் பார்க்கிறேன் என்றேன். வைகாசியில் நீ போய்விட்டாய்.

உன்னை டபாய்த்ததுகூட எனக்கு இரண்டாவதுதான். எறா கொடுத்த நாளில் அந்த ஆற்றைப் பிணம் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அது என்னைத் தின்றது.

அந்தப் பொய் திரும்பி வந்தது போன மாதம். ஆற்றோரத்தைத் தூர்த்து ஒரு கிடங்கு கட்டுவதற்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். எங்கள் ஊரே போய் உட்கார்ந்தது. கட்டுகிற தரப்பிலிருந்து வந்தவர் நல்ல தமிழில் பேசினார். அந்தப் பழைய பேப்பர் படத்தைப் பெரிதாக்கிக் கையில் வைத்திருந்தார். "உங்கள் ஊர்க்காரர் ஆற்றில் கட்டி எடுத்த துணி இது. செத்துப்போன ஆறு என்று நாங்கள் சொல்லவில்லை, நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். செத்த ஆற்றின் ஓரத்தைத் தூர்ப்பதில் யாருக்கு என்ன இழப்பு?" என்றார். எங்கள் பக்கம் ஒரே கூச்சல். கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உன் பெயர் கெடும், திறக்காவிட்டால் ஆறு போகும் என்று, நடுவில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும் தணிகாசலம் என் தோளில் கை வைத்தார்.

"கஜா, அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பன்னெண்டு துணியும் வரணும். ஒண்ணக் காட்டி நம்மள மடக்குறான். நாம எல்லாத்தயும் காட்டுவோம். அந்தம்மா வூட்லதான கீது, போய் வாங்கினு வா."

அப்படித்தான் போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். தேவகி புத்தர் படத்துக்குப் பக்கத்தில் உன் படத்தை வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தாள். பீரோவிலிருந்து துணிகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாள். பன்னிரண்டாவது வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எறா, வலை, சாம்பல், ஆயில் எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். ஏமாற்றப்பட்டே நீ செத்துப் போனாய் என்றும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தால், அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள் மாமு.

"அண்ணா, அது அவருக்கு அன்னிக்கே தெரியும்."

துணியை விரித்து, மூலையில் தைத்திருந்த சீட்டைக் காட்டினாள். மற்ற பதினொன்றிலும் உன் கையெழுத்தில் மாதத்தின் பெயர், அதன் கீழே 'வரைந்தது: ஆறு'. இதில் 'மார்கழி. வரைந்தது: கஜேந்திரன்' என்று இருந்தது. கூடத்தில் அத்தனை பேர் நடுவில், அத்தனை நாள், என் பெயர் அந்தச் சுவரில் தொங்கியிருக்கிறது. கிட்டப் போகாதவன் நான் ஒருவன்தான். படித்த மற்றவர்கள் துணியைக் கட்டியவன் பெயர் என்று நினைத்திருப்பார்கள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"உங்க அம்மா எறா தொக்கு குடுத்தனுப்பிச்சாங்களே, உங்க பக்கத்து வூட்டு அக்கா கையில. அந்தக்கா டப்பாவக் குடுக்கறப்பவே, 'இன்னிக்கு எங்க கஜா பாடு, அள்ளிக்கினு வந்துக்கீறான், புள்ள நல்லா துன்னட்டும்'னு கஜாம்மா சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. அதுக்கு மூணு நாளு கயிச்சு நீங்க துணியோட வந்து, தண்ணி கலீஜுன்னு கத சொல்றீங்க. நீங்க போற வரைக்கும் அவரு சிரிப்ப அடக்கிக்கினு கீறாரு, எனக்குத்தான் தாங்கல."

என் அம்மா எறா கொடுத்தனுப்பியது எனக்குத் தெரியவே தெரியாது. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் பங்கு அவர்களுக்குப் போகும், அதை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கமாட்டாள். நான் மூன்று வருஷம் மூடி வைத்திருந்ததை அவள் அன்றைக்கே தொக்கு வைத்து அனுப்பிவிட்டிருக்கிறாள்.

"ஏன்மா என்னிய ஒரு வார்த்த கேக்கல?"

"நானும் சொன்னேண்ணா, கேளுங்கன்னு. அதுக்கு அவரு, 'எம்மா நாளு கயிச்சு அந்த ஆத்துல எறா வந்துக்கீது. எறா வந்துகினு கீறப்ப எவனாவது துணி கட்டுவானா? கட்டியிருந்தான்னா தான் நான் அவனோட பேசியிருக்க மாட்டேன்'னாரு. அந்தத் தொக்க வயிச்சி வயிச்சித் துன்னாரு. டாக்டரு பாத்தா கத்துவாருன்னு நான் கதவாண்ட நின்னுக்கினு இருந்தேன்."

சீட்டை ஏன் அப்படி எழுதினாய் என்றும் அவளே சொன்னாள். அதுவும் அந்த ஆற்றங்கரையில் செய்ததுதானே, ஆற்றோடு இருக்கிறவன் அதற்குச் செய்கிறதும் அதில் சேர்த்திதானே என்றாயாம். அவனே வந்து படிப்பான், படித்துவிட்டு முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கணும் என்றாயாம். இரண்டு தடவை கூப்பிட்டாயே, அது இதற்கா? பாவி, வந்திருப்பேனே. ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருந்தால் வந்திருப்பேன். அன்றைக்கே உன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கலாம். அந்த ஒரு சிரிப்பு போச்சே என்று அங்கேதான் அழுதேன். ஆனால் அது பாரம் இறங்கின அழுகை. தேவகி டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, பன்னிரண்டு துணியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கூட்டம் இந்தப் புதன்கிழமை நடந்தது. பதினொரு துணியை ஒரு பக்கமும் மார்கழித் துணியைத் தனியாகவும் விரித்தோம். நான் எழுந்து நின்று, உன் சீட்டைப் படித்துக் காட்டினேன். இந்தத் துணியை அழுக்காக்கியது ஆறு இல்லை, நான். அன்றைக்கு ஆறு சுத்தமாக இருந்தது, எங்களுக்கு எறா கொடுத்தது, அதைப் பிடிக்கப் போய்த்தான் துணியைக் கட்டாமல் விட்டேன் என்றேன். எங்கள் ஆட்களே வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். படத்தை வைத்திருந்தவர் உடனே எழுந்தார்.

"அப்படியானால் மற்றவையும் நீங்கள் வீட்டில் செய்தவையாக இருக்கலாம் அல்லவா?"

இதைத்தான் நான் பயந்தேன். ஆனால் பதில் தன்னால் வந்தது. நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறவன். எந்தத் துணியிலிருந்தும் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போங்கள், எந்த ஆய்வகத்தில் வேண்டுமானாலும் கொடுத்துப் பாருங்கள், ஆறு அழுக்கானதும் அதில் இருக்கும், ஆறு தேறினதும் அதில் இருக்கும் என்றேன். தணிகாசலம் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "பதினோரு மாசமும் இவன் தண்ணில நின்னு கட்னத ஊரே பாத்துச்சு. மார்கழில இவன் எறா புடிச்சதயும் ஊரே பாத்துச்சு. என் வூட்ல கொயம்பு வெச்சாங்க" என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. மேடையில் இருந்த அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் குனிந்து எழுதிக்கொண்டார், 'செத்த ஆறு' என்ற பேச்சு அதற்குப் பிறகு ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. முடிவு என்ன வரும் என்று தெரியாது. ஆற்றைப் பற்றி என் பொய் இனி எவருக்கும் பயன்படாது என்பது மட்டும் தெரியும். அந்த நிம்மதியோடு வீட்டுக்குப் போய், மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சாப்பாட்டின் ருசி தெரிந்து சாப்பிட்டேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு எறா அனுப்பியது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் துணியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "காரம் கொஞ்சம் கொறச்சித்தான் போட்டேன், சீக்காளியாச்சேன்னு. நல்லா துன்னுச்சாமா புள்ள?" என்றாள். வழித்து வழித்துத் தின்றாயாம் என்று சொன்னேன். அது போதும் அவளுக்கு.

எனக்கும் அதுதான் மிச்சம் மாமு. வருஷம் பூராவும் உன் துணிக்காகக் கழி நட்டவன் நான். அந்தத் துணியைவிட ஆறு உனக்குப் பெரிது என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று. இந்த மார்கழியிலும் ஒரு பாடு நாள் உன்னுடையதுதான், சேகரே ஒத்துக்கொண்டுவிட்டான். எறா வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டான். வலையைத்தான் கட்டுவேன் என்றேன். உன்னைக் கேட்காமல், நீ சொன்னதாகவே சொன்னேன்.